தொற்றுநோய்க் கல்வியும் குழுவாய்வு முறையும்

மாணாக்கன் ஒருவனுடைய கல்வி நிரம்பும் வகையை நன்னூலின் பொதுப்பாயிரம் கணக்கிட்டுக் கூறுகின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக் கொண்டவன் பெறுவது காற்பங்கு. உடன் பயில்வோரோடு கூடிப் பழகுதலால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கும் தான் அறிந்ததைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அந்நூலின் கருத்து. மேனாட்டு மருத்துவக் கல்வியாளர் நம் பவணந்தியாரைப் படித்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் கடந்த நூறாண்டில் வகுத்துக்கொண்ட கற்பித்தல் முறை ஒன்று இக்கணக்கையே அடியாகக் கொண்டதுபோல் அமைந்துள்ளது. நோயாளர் ஒருவரின் வரலாற்றை மாணவர் குழுவாக இருந்து ஆராயும் முறையே அது. தொற்றுநோய்களைப் பயிற்றுவதற்கு அம்முறை எவ்வளவு பொருந்தும், எங்கே குறைபடுகின்றது, யாழ்ப்பாணத்தில் அது எவ்வுருக் கொள்ளல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவம் கல்லாத பள்ளியாசிரியன் ஒருவன் இப்பொருளில் தலையிடலாமோ எனச் சிலர் வினவுதல் கூடும். குழுவின்முன் வைக்கப்படும் நோயாளர் வரலாறு, மருந்தும் அன்று, கருவியும் அன்று. எழுதப்பட்ட ஓர் உரைநடைப் படைப்பு. அதற்கு ஆசிரியர் உண்டு; மாந்தர் உண்டு; தொடக்கமும் முடிவும் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தெரிவும் உண்டு. இத்தன்மைய எதுவும் திறனாய்வுக்கு உரியதே. மேலும், காய்ச்சலோடு ஆசுபத்திரி வாயிலில் நிற்பவர் எம் மாணவரும் அவர்தம் பெற்றோருமே ஆவர். அங்கே அவர்களைப் பார்க்கப்போகும் இளைய மருத்துவர் எதைக் கற்றார், எப்படிக் கற்றார் என்பது ஊரவர் யாவர்க்கும் உரிய வினா.

முறையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். அமெரிக்காவின் ஹாவட் சட்டக் கல்லூரியில் லாங்டெல் என்பார் 1870 முதல் வழக்குகளைக் கொண்டே சட்டத்தைப் பயிற்றலானார். அங்குச் சட்டம் பயின்ற நண்பன் ஒருவனின் உற்சாகத்தைக் கண்ட மருத்துவ மாணவர் வோல்ரர் கனன், மருத்துவத்தையும் அவ்வாறே பயிற்றலாகாதா என்று 1900இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே நகரத்து மருத்துவர் றிச்சட் கபொட் நோயாளர் வரலாறுகளைத் தொகுத்து 1906இல் பாடநூல் ஆக்கினார். 1969இல் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்து மருத்துவப் பள்ளி, விரிவுரைகளின் இடத்தில் சிறு குழுக்களையே தன் பாடத்திட்டத்தின் அச்சாணியாக அமைத்துக்கொண்டு தொடங்கிற்று. அங்கிருந்து அம்முறை உலகெங்கும் பரவியது. எட்டுப் பத்து மாணவர் ஒரு மேசையைச் சூழ்ந்து இருப்பர். நோயாளரின் முறைப்பாடு முதலில் தரப்படும். உடற்பரிசோதனையும் குருதிச் சோதனையும் பின்னர்ப் பகுதி பகுதியாக வரும். நோயின் பெயரை ஆசிரியர் சொல்லார். ஐயுறுதலும், வினவுதலும், நூல்களைத் தேடுதலும், மீண்டும் கூடி வாதிடுதலும் மாணவர் கடன்.

இம்முறையின் நன்மைகளை முதலில் ஏற்றுக்கொள்வதே நடுவுநிலை. நோய்கள் ஒரு நாட்டை விட்டு நீங்கினும் மருத்துவர் அவற்றை மறத்தலாகாது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிரைக் குடித்த மலேரியா இன்று இங்கே பரவுவதில்லை. 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது. ஆனால் அந்நோய் வழங்கும் நாடுகளிலிருந்து திரும்புவோர் உடலில் அக்கிருமி இன்றும் வந்திறங்குதல் கூடும். மலேரியாவை நோயாளர் விடுதியில் காணாத தலைமுறை அதனைத் தாளிலேனும் கண்டிருத்தல் வேண்டும். இரண்டாவதாக, தொற்றுநோய் தனியொருவர் சொத்தன்று. ஒருவர் நோய் மற்றொருவர் நோய்க்குக் காரணம். பலர் பார்வை கூடினாலன்றி அதன் வழி புலப்படாது. ஆதலின் கூடிக் கற்றல் வேறெப் பாடத்திலும் இப்பாடத்திற்கே மிகவும் உரியது.

இதற்கு ஒரு தலைசிறந்த சான்று உண்டு. 1854ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலண்டன் மாநகரின் சோகோப் பகுதியில் கொலரா வெடித்தது. புரோட் வீதியைச் சூழ்ந்த சிறு பரப்பில் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். நச்சுக் காற்றே காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளைக் கணக்கெடுத்து, அவ்வீதியின் நீர்க்குழாயை ஐயுற்றார். அவருடைய கணக்கின் சிறப்பு விதிவிலக்குகளை அவர் கையாண்ட முறையில் உள்ளது. அயலில் இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. மதுவடிசாலைத் தொழிலாளர் எழுபதின்மர்க்கு மேற்பட்டோரில் ஒருவரும் இறந்திலர். அவர்கள் அக்குழாய் நீரை நாடவில்லை. தொலைவிலுள்ள ஹாம்ஸ்ரெட்டில் ஒரு கைம்பெண் இறந்தாள். அவள் முன்னர்ப் பழகிய சுவைக்காகப் புரோட் வீதி நீரையே வருவித்துக் குடித்தவள். செப்ரெம்பர் 8இல் குழாயின் கைபிடி அகற்றப்பட்டது.

கதை பொதுவாக இவ்விடத்தில் நிறுத்தப்படுகின்றது. ஆயின் அதன் சிறந்த பகுதி இதன் பின்னரே வருகின்றது. அவ்வட்டாரத்து உதவிக் குருவானவர் ஹென்றி வைற்ஹெட் ஸ்னோவின் கருத்தை ஏற்றிலர். அதனை மறுக்கும் நோக்குடனேயே அவர் வீடுவீடாகச் சென்று விசாரித்தார். அக்குடும்பங்கள் யாவும் அவர்க்கு அறிமுகமானவை. மருத்துவர்க்குச் சொல்லாததை அவர்க்குச் சொல்லின. விசாரணை முடிவில் ஸ்னோவின் பக்கமே அவர் வந்து சேர்ந்தார். அதுவுமன்றி, 40ஆம் இலக்க வீட்டில் நோயுற்றிருந்த ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் கிணற்றை அடுத்த மலக்குழிக்குச் சென்றதையும் அவரே கண்டறிந்தார். பின்னர் அகழ்ந்து பார்த்தபோது குழியின் கசிவு கிணற்றை அடைந்தமை தெரிந்தது. மருத்துவர் ஒருவர், குருவானவர் ஒருவர், ஒருவர் எண்ணிக்கை அறிந்தவர், மற்றவர் மனிதரை அறிந்தவர், கருத்தால் மாறுபட்டவர். உண்மையான ஆய்வுக்குழு என்பது இதுவே.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு பாடநூல்களில் வழங்கும் நோயாளர் வரலாறுகளை அளந்து பார்த்தால் குறைகள் சில வெளிப்படுகின்றன.

முதற்குறை, வரலாறு விடுகதையாகிவிடுதல். அத்தகைய ஒன்றின் மாதிரியை இங்கே அமைத்துக் காட்டுவோம். 'நாற்பத்தைந்து வயதுடைய கமக்காரர் ஒருவர் ஐந்து நாட் காய்ச்சலோடு வருகின்றார். வெள்ளம் நின்ற வயலில் வேலை செய்தவர். கெண்டைக்காலில் கடும் நோ, கண்கள் சிவந்துள்ளன.' இதைப் படித்த மாணவன் மறுகணமே எலிக்காய்ச்சல் என்பான். வயல், கெண்டைக்கால், கண் என்னும் மூன்று சொற்களும் விடையை ஏந்தி நிற்கின்றன. அவன் நோயாளரைப் படித்தவன் அல்லன். வினாவை எழுதியவரின் மனத்தைப் படித்தவன். பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் எம்மனோர்க்கு இவ்வித்தை புதிதன்று. செய்யுளிலே ஓர் உவமையைக் கண்டதும் புலவர் பெயரை எழுதிவிட்டுச் செய்யுளைப் படியாது விடும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். செய்யுளில் அதனால் நேரும் இழப்பு சில புள்ளிகள். காய்ச்சலில் நேரும் இழப்பு வேறு.

2024ஆம் ஆண்டு இறுதியில் யாழ்ப்பாணம் அதனைக் கண்டது. நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலோடு வந்த பெருமழையில் குடாநாடு வெள்ளக்காடாயிற்று. திசம்பர் முற்பகுதியில் வடமராட்சியின் கரவெட்டி, பருத்தித்துறைப் பகுதிகளில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்தனர். எழுவர் உயிரிழந்த செய்தி வந்தபோது அஃது இனந்தெரியாத காய்ச்சல் என்றே ஊரெங்கும் பேசப்பட்டது. மாதிரிகளைப் பரிசோதித்தபின் எலிக்காய்ச்சல் என உறுதியாயிற்று. நோய்வாய்ப்படும் இடருள்ளோர்க்குத் தடுப்பு மருந்தாக டொக்சிசைக்கிளின் வழங்கப்பட்டது. அச்சுவேலியிலிருந்து வல்லை வெளியைக் கடந்தால் வடமராட்சி. ஆதலின் எம் ஊரவர்க்கு அது தொலைவுச் செய்தியாக இருக்கவில்லை.

இந்நிகழ்ச்சி காட்டுவது யாது? எலிக்காய்ச்சற் கிருமி எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் வழியே நீரிலும் சேற்றிலும் கலந்து, காலிலுள்ள சிறு காயத்தின் வழியாகவும் உடலுட் புகும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல் தோன்றும். சிலர்க்குக் கண் மஞ்சளாகும், சிறுநீரகம் பழுதுறும். சிலர்க்கோ நுரையீரலிற் குருதி கசிந்து மூச்சே முதலில் தடுமாறும். 2008இல் தென்னிலங்கையை முதன்மையாகத் தாக்கி, நாட்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பீடித்த நோய் இது. யாழ்ப்பாணத்திலோ அரிதாகவே கேட்கப்பட்டது. அதே மாரி காலத்தில் இங்கே டெங்கும் பெருகும். உண்ணிக்காய்ச்சலும் குடாநாட்டில் அறியப்பட்டதே. முதல் மூன்று நாட்களில் இம்மூன்றும் ஒன்றுபோலவே காயும். மூன்று சொற்குறிப்பால் விடை கண்டு பழகியவன், குறிப்புகள் இல்லாத இடத்தில் நோயே இல்லை என்று எண்ணிவிடுதல் கூடும். ஆதலின் நல்ல வரலாறு குறிப்புகளை வைத்து எழுதப்படுவதன்று. குறிப்பில்லாத நிலையில் எதை வினவவேண்டும் என்பதை மாணவனே தேடுமாறு எழுதப்படுவது.

இரண்டாங் குறை, வரலாற்றிலே ஊரும் பருவமும் இல்லாமை. மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் மருத்துவன் கருதவேண்டியவை மூன்று என்கின்றார்: நோயுற்றவன் நிலை, நோயின் நிலை, காலம். பாடநூல் வரலாறுகளில் முதலிரண்டும் நிரம்ப உண்டு. மூன்றாவது ஒரு சொல்லளவில் வந்து மறையும். இடமோ பெரும்பாலும் வருவதே இல்லை. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் தேங்கிய மழைநீரே நம் கிணற்று நீர். எம் ஊருக்கு அண்மையிலுள்ள நவக்கிரி நிலாவரைக் கேணியைப் பார்த்தோர் நிலத்தின் கீழ் நீர் ஓடும் அவ்வுலகத்தை ஒருவாறு உய்த்துணரலாம். அத்தகைய நிலத்தில், ஒரு வளவின் மலக்குழிக்கும் அடுத்த வளவின் கிணற்றுக்கும் இடையே வேலி இருக்கலாம், தடை இல்லை. நெருப்புக்காய்ச்சல் இங்கு நெடுங்காலம் நிலைகொண்டமைக்கு இது துணைநின்றது. ஸ்னோவும் வைற்ஹெட்டும் இலண்டனிற் கண்ட குழியும் கிணறும் இங்கே ஒவ்வொரு வளவிலும் உள்ளன. 'இருபது வயது மாணவி, பத்து நாட் காய்ச்சல்' என்று தொடங்கும் வரலாறு, அவள் வீட்டுக் கிணறு எங்கே, குழி எங்கே, மழை பெய்தது எப்போது என்பவற்றைச் சொல்லாது விடின் நோயின் பாதியைச் சொல்லாது விட்டதாகும்.

மூன்றாங் குறை மொழியைப் பற்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அங்கு ஆங்கிலமே போதனாமொழி. நாட்டின் பல பாகத்து மாணவரும் பயிலும் இடத்தில் அது வேண்டற்பாலதே; அதனை மாற்றுக என்பது எம் வாதமன்று. ஆயின் நோயாளர் ஆங்கிலத்தில் நோயுறுவதில்லை. இங்கே 'வருத்தம்' என்றால் நோய். தமிழகத்தார்க்கோ அது துயரம். 'நாரி உளையுது', 'மேல் நோகுது', 'உள்காய்ச்சல் காயுது', 'சத்தி வருது', 'சலம் கடுக்குது' என்று சொல்வார் நம் ஆச்சிமார். உள்காய்ச்சல் என்பது வெப்பமானியில் ஏறாத காய்ச்சலா, ஏறி இறங்கிய காய்ச்சலா, வெறும் அலுப்பா? இதைத் தெளிவது மொழிபெயர்ப்பு மட்டுமன்று, நோயறிதலின் முதற்படியும் ஆகும். அம்மாள் வருத்தம் என்று வீட்டார் சொல்லும்போது அதனோடு வேப்பிலையும் விரதமும் ஆசுபத்திரிக்குப் போகாமையும் கூடவே வரலாம். அச்சிட்ட வரலாற்றிலோ நோயாளர் வாயிலிருந்து வருவன யாவும் ஏற்கெனவே மருத்துவக் கலைச்சொற்களாகத் திருந்தி வருகின்றன. கடினமான பகுதியை ஆசிரியரே செய்து முடித்துவிட்டு எளிய பகுதியை மாணவர்க்கு விடுகின்றார்.

இவ்விடத்தில் ஒருவரை நினைவுகூர்தல் தகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மருத்துவம் பயிற்றினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இலேயே தோன்றியது என்பதை நோக்க, அவர் முயற்சியின் முதன்மை விளங்கும். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1864ஆம் ஆண்டளவில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலங் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடி நீங்க, கிராமங்கள் வைத்தியரின்றிக் கிடந்தமையே அம்மாற்றத்துக்குப் பெருங்காரணம். இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் பயின்றனர். அவருடைய தமிழ் நடையிலே குறை கூறலாம். வடசொற் செறிவு இன்றைய செவிக்குக் கரடாகவே இருக்கும். அவர்க்குப்பின் அம்முயற்சி தொடராது போனதும் உண்மை. ஆயினும் நோயாளர் மொழியில் மருத்துவன் சிந்திக்கப் பழகல் வேண்டும் என்று அவர் கண்ட உண்மைக்கு முதுமை இல்லை.

நான்காங் குறை, நோயின் பெயர் கிடைத்ததும் கதை முடிந்துவிடுதல். எலிக்காய்ச்சல் என்று கண்டு மருந்து கொடுத்தாயிற்று, குழு கலைகின்றது. அதே வயலில் அவரோடு இறங்கிய மற்றை நால்வர் எங்கே? பொதுச் சுகாதாரப் பரிசோதகர்க்கு அறிவித்தவர் யார்? மழை விட்டதும் மீண்டும் வயலில் இறங்காவிட்டால் உலை வைக்க வழியில்லாத குடும்பத்துக்கு மருத்துவர் சொல்லக்கூடிய நடைமுறை அறிவுரை யாது? தனியொருவரின் நோயில் பெயர் முடிவாகலாம். தொற்றுநோயில் பெயரே தொடக்கம்.

ஐந்தாவது, குழுவின் இயல்பிலேயே உள்ள குறை. முதலிற் பேசுபவன் பக்கம் மற்றவர் சாய்வர். ஆங்கிலம் சரளமாக வரும் ஒருவன் பேச, கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த மற்றொருவன் தன் வளவிலே கண்டறிந்ததைச் சொல்லாது வாளாவிருப்பான். கெண்டைக்காலுக்குமேல் சேறு படிய வயலில் நின்றவன் அவனே. குழுவிலே அவனே வைற்ஹெட். அவன் வாய் திறவாத குழு, குழு என்னும் பெயர்க்கு உரியதன்று. பேசுமுன் ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தாளில் எழுதிவைத்தல், மறுத்துரைப்பதற்கென்றே ஒருவரை நியமித்தல் போன்ற எளிய ஏற்பாடுகள் இதற்கு உதவும்.

எதிர்வாதங்களையும் புறக்கணித்தலாகாது. இம்முறைக்கு ஆசிரியர் பலர் வேண்டும். காலமும் மிகுதியாகச் செல்லும். விரிவுரை ஒரு மணியில் சொல்வதைக் குழு ஒரு வாரத்தில் கண்டடையும். 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த இரு தொகுப்பாய்வுகள், இம்முறையிற் பயின்றோர் கல்வியை விரும்பிக் கற்றனர், நோயாளரைக் கையாள்வதில் குறைந்தாரில்லை, ஆயின் அடிப்படை விஞ்ஞானப் பரீட்சைகளிற் சில வேளைகளிற் பின்தங்கினர் என்று காட்டின. இது நியாயமான எச்சரிக்கை. கிருமியின் இயல்பை அறியாதவன் கிணற்றையும் குழியையும் கண்டும் பயனில்லை. நன்னூலாரும் ஆசிரியரை நீக்கிவிடவில்லை. அவர்க்குரிய காற்பங்கை முதலில் வைத்தே மற்றவற்றைக் கூறினார். விரிவுரையும் குழுவும் ஒன்றையொன்று வெல்லவேண்டிய பகைவர் அல்ல.

இவற்றை எல்லாம் தொகுத்து நோக்கின் ஒரு முடிவு பெறப்படுகின்றது. குழுவாய்வு முறையின் வலிமை முறையில் இல்லை. குழுவின்முன் வைக்கப்படும் வரலாற்றில் உள்ளது. அவ்வரலாறு பிறநாட்டுப் பாடநூலிலிருந்து பெயர் மாற்றி எடுக்கப்படுமாயின், மாணவர் திறமையாக ஊகிக்கப் பழகுவர். அது நம் மண்ணில், நம் மாரியில், நம் நோயாளர் வாய்மொழியில் எழுதப்படுமாயின், வினவப் பழகுவர். 2024 திசம்பரில் நடந்ததை, இறந்தோர் பெயரும் குடும்பமும் வெளிப்படாவண்ணம், நாள்தோறும் தெரியவந்தது தெரியவந்தவாறே பகுதி பகுதியாக எழுதிவைத்தல் வேண்டும். அதன் முதற்பக்கம் நோயாளரும் வீட்டாரும் பேசும் தமிழிலேயே இருத்தல் வேண்டும். அதனை ஆங்கிலமாக்குவது குழுவின் முதல் வேலையாகுக. தமிழறியாத மாணவர்க்கு அவ்வேளையில் தமிழறிந்தவன் ஆசிரியனாவான்; எடுத்துரைப்பவன் பெறும் அரைப்பங்கு அவனுக்குக் கிட்டும். குழுவிலே தாதியர் ஒருவரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரும் ஒருநாளேனும் அமர்ந்து மறுத்துரைத்தல் வேண்டும்.

பள்ளிகளுக்கும் இதிற் பங்குண்டு. மருத்துவ பீடத்துக்குச் செல்லும் பிள்ளை எம் வகுப்புகளிலிருந்தே செல்கின்றான். விடையை மனனஞ் செய்யவும் குறிப்புச் சொல்லைத் தேடவும் பதின்மூன்றாண்டு பழக்கி அனுப்பிவிட்டு, அவன் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்ததும் ஆராய்ச்சியாளனாவான் என்று எதிர்பார்ப்பது முறையன்று. தன் வளவுக் கிணற்றுக்கும் குழிக்கும் இடைத்தூரத்தை அளந்து வருமாறு ஒரு விஞ்ஞான ஆசிரியரும், பேத்தி சொன்ன வருத்தத்தைத் தன் ஆச்சி எப்பெயரால் அழைத்தார் என்று கேட்டு வருமாறு ஒரு தமிழாசிரியரும் ஏவுவாராயின், அப்பிள்ளைகளிற் சிலர் பின்னர் மருத்துவராகும்போது, அடுத்த மாரியிற் காய்ச்சலோடு வருபவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்பர் என்பது எம் துணிபு.